கர்சர் நிற்பது எந்த வரியில்?

ஏதாவது ஓர் எடிட்டரைத் திறந்து, நடுவில் என்டர் தட்டாமல் ஒரு நீண்ட பத்தியை அடித்துக்கொண்டே போங்கள். ஜன்னலின் வலது ஓரம் வந்ததும் சொற்கள் தாமாகவே கீழே இறங்கிவிடும். ஐந்தாறு வரிகள் சேர்ந்துவிட்டதாகக் கண்ணுக்குத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஒரே வரிதான். இப்போது நடப்பு வரிக்கு வண்ணம் பூசிக் காட்டும் வசதியை இயக்குங்கள். கர்சர் மூன்றாவது வரிசையில் நிற்கிறது. எடிட்டர் அந்த ஒரு வரிசைக்கு மட்டும் வண்ணம் பூசுமா, பத்தி முழுவதையும் பூசி மெழுகிவிடுமா?

எடிட்டருக்கு எடிட்டர் பதில் மாறும். ஒரே எடிட்டரில்கூட ஓர் அமைப்பை மாற்றினால் பதிலும் மாறிவிடும். என்டர் விசையால் முடிகிற வரியைக் கோப்பு வரி என்றும், ஜன்னலின் அகலத்தால் உண்டாகிற வரியைத் திரை வரி என்றும் வைத்துக்கொண்டால், பேச்சு குழம்பாமல் போகும்.

நடப்பு வரி என்ற எண்ணம் திரையைவிட மூத்தது. 1960களில் கணினியோடு பேச வேண்டுமென்றால் எதிரே இருந்தது பெரும்பாலும் டெலிடைப் இயந்திரம். 1963இல் வந்த மாடல் 33 வினாடிக்கு 10 எழுத்து அச்சடிக்கும். ஒரு வரிக்கு 72 எழுத்து. வரி முடிந்ததும் அச்சுத் தலையை இடக்கோடிக்கு அனுப்ப ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறி. ஆஸ்கி அட்டவணையில் அவற்றின் எண்கள் 13, 10. தலை வலக்கோடியிலிருந்து திரும்பி வர ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. அதனால் திரும்பச் சொல்லும் குறியை முதலில் அனுப்பி, அது ஓடி வரும் நேரத்தில் காகிதத்தைத் தள்ளினார்கள். அந்த இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. விண்டோஸ் கோப்புகளில் மட்டும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்ற ஜோடி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. யூனிக்ஸ் குடும்பத்தில் 10 ஒன்றே போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 'ஈ.டி.' என்ற எடிட்டரை எழுதினார். அதில் எழுத்தைக் காட்டத் திரை கிடையாது, கர்சரும் கிடையாது. ஆனால் நடப்பு வரி உண்டு; அதற்குப் பெயர் ஒற்றைப் புள்ளி. 'பி' என்று தட்டினால் புள்ளி நிற்கும் வரி அச்சாகும், 'டி' என்று தட்டினால் அந்த வரி அழிந்து புள்ளி அடுத்த வரிக்குப் போகும். புள்ளி எங்கே நிற்கிறது என்பதை நிரல் எழுதுகிறவர் மனசுக்குள் வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் அச்சடித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆக, நடப்பு வரி என்பது பிறக்கும்போது ஒரு காட்சியாகப் பிறக்கவில்லை. அடுத்த கட்டளை யார் தலையில் விழும் என்ற கணக்காகத்தான் பிறந்தது.

பெர்க்லியில் பில் ஜாய் 1976இல் 'வி.ஐ.' எடிட்டரை எழுதியபோது அவர் மேசையில் ஏ.டி.எம்-3ஏ என்ற திரை முனையம் இருந்தது: 80 எழுத்து அகலம், 24 வரிசை உயரம். வரிகளைக் கண்ணால் பார்த்தபடியே திருத்த முடிந்தது. ஆனால் வி.ஐ.யின் உள்ளே இயங்கியது ஈ.டி. வழியில் வந்த வரி எடிட்டர்தான். 200 எழுத்துள்ள வரி திரையில் மூன்று வரிசையாக மடிந்து நிற்கும். 'ஜே' விசையைத் தட்டினால் கர்சர் மூன்றையும் ஒரே தாவலில் தாண்டி அடுத்த கோப்பு வரிக்குப் போய்விடும். மடிந்த வரிசைகளைக் கட்டளைகள் பொருட்படுத்தவே இல்லை. 'டி'யை இரண்டு முறை தட்டினால் மூன்று வரிசையும் சேர்ந்து அழியும். பிற்பாடு பிராம் மூலனார் எழுதி 1991இல் வெளியான 'விம்', திரை வரியாக இறங்க 'ஜி', 'ஜே' என்று இரண்டு விசைகளைத் தனியாகக் கொடுத்தது. கோப்பு வரிதான் வீட்டுக்காரர், திரை வரி விருந்தாளி என்ற ஏற்பாடு அதிலும் மாறவில்லை.

இதே காலத்தில் கலிபோர்னியாவின் இன்னொரு ஊரில் நேரெதிரான மரபு ஒன்று தொடங்கியிருந்தது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் 1974இல் உருவாக்கிய 'பிராவோ', காகிதத்தில் எப்படி வருமோ அப்படியே திரையில் காட்ட முயன்றது. அங்கே அலகு பத்தி. வரி என்பது பத்தி மடிவதால் விழுகிற ஒன்று, அவ்வளவுதான். சிமோனி பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போனார். வேர்டு அந்த வழியில் வந்தது. வேர்டில் கீழ் அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் கண்ணுக்குத் தெரியும் அடுத்த வரிசைக்கு இறங்கும். வேறு எதையும் அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இரண்டு மரபும் ஒரே வீட்டில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் நோட்பேட் நல்ல சாட்சி. அதில் வரி மடிப்பை இயக்கினால், கர்சர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று காட்டும் கீழ்ப்பட்டை மறைந்துவிடுவது பல ஆண்டுகளாக வழக்கமாக இருந்தது. 'இந்த வரிக்குப் போ' என்ற கட்டளையும் செயலிழந்து கிடந்தது. விண்டோஸின் பழைய உரைப்பெட்டியிடம் 'எத்தனை வரி?' என்று கேட்டால், மடிப்பு இயங்கும்போது அது திரை வரிகளை எண்ணித்தான் சொல்லும். ஜன்னலைச் சுருக்கினால் விடையும் மாறும். மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைக் காட்டுவதைவிட வாயை மூடிக்கொள்வது மேல் என்று இருந்துவிட்டார்கள் போலும். மடிப்பு இயங்கும்போதும் வரி எண்ணைக் காட்டும் நோட்பேட் 2018இல்தான் வந்தது.

சரி, மடிப்பு எப்படி நடக்கிறது? எடிட்டர்கள் செய்வது பேராசைக்காரனின் வேலை. இடமிருக்கும்வரை சொற்களை ஒரு வரிசையில் திணிக்கும். இடம் போதாத முதல் சொல்லைக் கீழே தள்ளும். இதைவிட அழகான முறை இருக்கிறது. டொனால்டு கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை, பத்தி முழுவதையும் ஒருசேரப் பார்த்து, எல்லா வரிகளிலும் இடைவெளி சீராக இருக்கும்படி எங்கெங்கே முறிப்பது என்று தீர்மானிக்கும். டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலில் பத்திகள் அழகாக அமைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் கடைசி வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் முதல் வரியின் முறிவுகூட இடம் மாறக்கூடும். எழுதிக்கொண்டிருக்கும்போது கர்சருக்கு மேலே உள்ள வரிசைகள் இப்படி நெளிந்தால் கண் தடுமாறிப்போகும். வண்ணப் பட்டை காரணமில்லாமல் மேலும் கீழும் துள்ளும். அசிங்கமாக இருந்தாலும் பேராசை முறையில் மாற்றம் பெரும்பாலும் கர்சருக்குக் கீழேதான் பரவும். எடிட்டருக்கு அதுதான் வேண்டும்.

தமிழில் எழுதும்போது இந்தத் திணிப்பு வேலை இன்னும் கடினமாகிறது. 'செய்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 18 எழுத்து. ஒருங்குறியில் 32 குறிகள், ஏனென்றால் 'து' என்பது 'த'வும் உகரக் குறியுமாக இரண்டு. யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 96 பைட். திரையில் அது எவ்வளவு அகலம் பிடிக்கும் என்பதை இந்த மூன்று எண்ணும் சொல்லாது. 'ர்' ஒல்லி, 'ண்' குண்டு. எழுத்துருவைக் கேட்டு அளந்தால்தான் தெரியும். மடிப்புப் புள்ளி 'கொ'வின் நடுவில் விழுந்துவிடவும் கூடாது. உயிர்க்குறியை அதன் மெய்யிலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஒருங்குறியின் வரிமுறிப்பு விதிகள் கட்டளையிடுகின்றன. இவ்வளவு நீளமான சொல் ஓரத்தில் கொள்ளவில்லை என்றால் முழுதாகக் கீழே இறங்கும். மேல் வரிசையில் கால்வாசி இடம் காலியாகக் கிடக்கும். கட்டம் போட்ட பழைய பாணி டெர்மினலில் நிலைமை இன்னும் மோசம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் நம் எழுத்துகள் அடங்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். அங்கே தமிழ் அடித்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய தலைவலி.

அளந்து முறித்த இடங்களை எடிட்டர் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளும். ஒரு பத்திக்கு அந்தப் பட்டியல் 0, 57, 114, 169 என்று இருப்பதாகக் கொள்வோம். கர்சர் 80ஆவது இடத்தில் என்றால் 57க்கும் 114க்கும் நடுவில், அதாவது இரண்டாவது திரை வரி. கோப்பில் ஒரு லட்சம் வரி இருந்தாலும், ஒவ்வொரு கோப்பு வரியும் எத்தனை திரை வரியாக மடிந்திருக்கிறது என்பதைக் கூட்டுத்தொகைகளாக ஒரு மரத்தில் அடுக்கி வைத்தால், பதினேழு எட்டுகளில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பட்டையை அந்த உயரத்தில் வரைய வேண்டியதுதான் பாக்கி. வேலை முடிந்தது என்று எழுந்துவிடலாம், கர்சர் சரியாக 57இல் வந்து நிற்காதவரை.

57ஆவது இடம் என்பது 57 குறிகளுக்குப் பிறகு வரும் இடைவெளி. அது முதல் திரை வரியின் கடைசி. அதுவே இரண்டாவது திரை வரியின் தொடக்கமும்கூட. கோப்பில் ஒரே இடம், திரையில் இரண்டு இடம். கோப்பு வரிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு வரியின் முடிவுக்கும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கும் நடுவில் 10 என்ற குறி உட்கார்ந்திருப்பதால் இரண்டும் வெவ்வேறு எண்கள். மடிப்பில் அப்படி எதுவும் இல்லை. முதல் வரிசையின் வலக்கோடியில் மவுஸைக் கிளிக் செய்கிறீர்கள். எடிட்டர் அதை 57 என்று குறித்துக்கொள்கிறது. 57 எங்கே என்று பட்டியலைக் கேட்டு இரண்டாவது வரிசையின் இடக்கோடியில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. பட்டையும் ஒரு வரிசை கீழே இறங்கிவிடுகிறது. அவசரமாக எழுதப்பட்ட எடிட்டர்களில் நீங்களும் இதைச் சந்தித்திருக்கலாம்.

தப்பிக்க இரண்டு வழி. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் மொழிகளில், வரிசையின் கடைசி இடைவெளிக்கு முன்னதாகவே, 56இல், கர்சரை நிறுத்திவிடலாம். சில எடிட்டர்கள் இப்படித்தான் நழுவுகின்றன. சீனத்திலும் ஜப்பானியத்திலும் சொல்லிடைவெளி கிடையாது. நீளமான இணைய முகவரிக்கும் அப்படியே. அங்கே இந்தத் தந்திரம் செல்லாது. நேர்மையான வழி, இடத்தோடு கூடவே 'மேல் வரிசைப் பக்கமா, கீழ் வரிசைப் பக்கமா' என்ற ஒரு சிறு குறிப்பையும் நினைவில் வைப்பது. ஆப்பிளின் உரைக் கட்டமைப்பில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. எண்ட் விசையைத் தட்டி வந்த கர்சரும் ஹோம் விசையைத் தட்டி வந்த கர்சரும் கோப்பில் ஒரே எண்ணில் நிற்கும். திரையில் வேறு வேறு வரிசையில் நிற்கும். பட்டையும் அந்தந்த வரிசையில் விழும். பட்டை கர்சரின் எண்ணை மட்டும் கேட்டு வரையப்பட்டால் ஒரு பக்கமும், கர்சரின் உருவத்தைப் பார்த்து வரையப்பட்டால் இன்னொரு பக்கமும் போய்விடும். கர்சர் மேலே, பட்டை கீழே என்ற விநோதக் காட்சி இப்படித்தான் உண்டாகிறது.

ஈமேக்ஸ் எடிட்டரின் பயனர்களுக்கு இந்தக் கதை வேறு விதமாகத் தெரியும். நடப்பு வரிப் பட்டை அதில் 2001இலேயே வந்துவிட்டது. அது கோப்பு வரியை வண்ணமிட்டது. 2009இல் 23ஆம் பதிப்பு வந்தபோது, கீழே இறங்கும் விசை கோப்பு வரியை விட்டுத் திரை வரியாக இறங்கத் தொடங்கியது. எழுத்தாளர்கள் மகிழ்ந்தார்கள். விசைத் தட்டல்களைப் பதிவு செய்து திரும்ப ஓட்டும் மேக்ரோக்களை நம்பியிருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது. 'ஒரு வரி கீழே இறங்கி முதல் சொல்லை அழி' என்று அகலமான ஜன்னலில் பதிவு செய்த மேக்ரோவைக் குறுகலான ஜன்னலில் ஓட்டினால் வேறொரு சொல் அழியும். திரை வரியின் அடிப்படைக் குறை இதுதான். அது ஜன்னலுக்குச் சொந்தம், கோப்புக்குச் சொந்தமில்லை. பிழைச் செய்தி சொல்லும் வரி எண்ணும், இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் கிட் சொல்லும் வரி மாற்றமும் கோப்பு வரியைப் பற்றியே பேசுவதற்கு இதுவே காரணம்.

அந்த 23ஆம் பதிப்புக்குப் பிறகு விசை ஒரு கணக்கிலும் பட்டை ஒரு கணக்கிலும் ஓடின. கர்சர் பத்திக்குள் ஒவ்வொரு வரிசையாக இறங்கும்; பட்டை பத்தி முழுவதையும் மூடியபடி அசையாமல் கிடக்கும். ஈமேக்ஸ் தன் வழக்கப்படி இதையும் பயனரின் கையிலேயே விட்டிருக்கிறது. எங்கிருந்து எங்குவரை வண்ணம் பூசுவது என்று சொல்லும் ஒரு சிறு நிரலை நாமே எழுதிக் கொடுக்கலாம். திரை வரியின் தலைக்குப் போ, இடத்தைக் குறி. ஒரு திரை வரி இறங்கு, மறுபடி குறி. இரண்டையும் திருப்பிக் கொடு. நாலைந்து வரியில் முடிகிற வேலை. ஆனால் பட்டையின் எல்லை 57, 114 என்று எண்ணாகவே சேமிக்கப்படுகிறது. ஜன்னலைச் சுருக்கியதும் முறிவுகள் இடம் மாறும். யாராவது திரும்பக் கணக்கிடாவிட்டால் பட்டை ஒரு வரிசையின் நடுவில் தொடங்கி அடுத்த வரிசையின் நடுவில் முடியும். கோப்பு வரிப் பட்டைக்கு இந்த நோய் வராது.

அப்படியானால் கோப்பு வரியே போதுமே என்று தோன்றலாம். கண் ஒத்துக்கொள்ளாது. விழித்திரையில் எழுத்தைத் தெளிவாகப் பார்க்கும் மையப் பகுதி சுமார் இரண்டு பாகை அகலம். 60 செ.மீ. தொலைவில் உள்ள திரையில் அது 2 செ.மீ. வட்டம், அவ்வளவுதான். வாசிக்கும்போது கண் இந்த வட்டத்தைத் தூக்கிக்கொண்டு தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் வினாடி. வரி முடிந்ததும் இடக்கோடிக்கு ஒரு நீண்ட தாவல். இந்தத் தாவல் பல நேரம் இலக்கை எட்டாமல் கொஞ்சம் முன்னதாகவே விழுந்துவிடும். பிறகு ஒரு சிறு திருத்தத் தாவல் வேண்டும். வரி நீளமாக நீளமாகத் தவறான வரிசையில் இறங்கும் வாய்ப்பும் கூடுகிறது. வேறு ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஓரப்பார்வைக்கு மெல்லிய கர்சர் கோடு தட்டுப்படாது. இடமிருந்து வலம்வரை ஓடும் வெளிர் பட்டை தட்டுப்படும். மடக்கை அட்டவணையில் ஸ்கேலை வைத்து வரியைப் பிடித்தவர்களுக்கு இந்தப் பட்டையின் அருமை புரியும். அந்த ஸ்கேல் ஆறு வரி அகலமாக இருந்தால் என்ன பயன்? பத்தி முழுவதையும் மூடும் பட்டை கண்ணை அந்த நிலையில்தான் விடுகிறது.

ஆக, ஒரே பட்டையிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். என் கண் எங்கே போக வேண்டும் என்பது ஒன்று. அடுத்த கட்டளை எதைத் தொடும் என்பது இன்னொன்று. முதலாவதற்குத் திரை வரி பதில், இரண்டாவதற்குக் கோப்பு வரி பதில். ஒரு வண்ணத்தால் இரண்டையும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், உரையின் மேல் படியும் பட்டை திரை வரியை மட்டும் மூட வேண்டும். இடது ஓரத்தில் உள்ள வரி எண் தனியாக வண்ணம் மாறிக் கோப்பு வரியைக் காட்ட வேண்டும். விம் இதற்கு இடம் தருகிறது. பட்டை வசதி அதில் 2006இல் 7.0 பதிப்போடு வந்தது. பிற்பாடு வந்த இன்னோர் அமைப்பில் கோப்பு வரி, திரை வரி, வரி எண் என்று மூன்று தேர்வுகள். வரி எண்ணை மற்ற இரண்டில் எதோடும் சேர்க்கலாம், கோப்பு வரியையும் திரை வரியையும் மட்டும் ஒன்றாகப் போட முடியாது என்று அதன் கையேடே சொல்லிவிடுகிறது. நாமாக எதையும் மாற்றாவிட்டால் கிடைப்பது கோப்பு வரியும் வரி எண்ணும். நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்றவற்றுக்கு அடித்தளமான ஸ்கின்டில்லாவிலும், பட்டையைத் திரை வரியோடு நிறுத்திக்கொள்ள ஒரு தேர்வு உண்டு. ஹோம் விசைக்கும் அதில் ஒரு புத்திசாலித்தனமான சமரசம் இருக்கிறது: முதல் தட்டலில் திரை வரியின் தலை, அங்கேயே நின்றுகொண்டு மறுபடி தட்டினால் கோப்பு வரியின் தலை.

பட்டையின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடர்த்தியாகப் பூசினால் அதன்மேல் இருக்கும் சாம்பல் நிறக் குறிப்புரைகள் மங்கிவிடும். தேர்ந்தெடுத்த பகுதியின் நிறத்தோடும் குழம்பும். இருக்கிறதா இல்லையா என்று தோன்றும் அளவுக்கு வெளிறியிருந்தால் போதும், ஓரப்பார்வைக்கு அதுவே தாராளம்.

இரண்டு கணக்கையும் ஒரேயடியாகச் சோதிக்க வேண்டுமென்றால், நிரல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். இடம் மிச்சம் பிடிக்க என்டர் குறிகளையெல்லாம் நீக்கிவிட்டிருப்பார்கள். ஒரு மெகாபைட் முழுக்க ஒரே வரி. கோப்பு வரியை வண்ணமிடும் எடிட்டரில் திரை மேலிருந்து கீழ்வரை ஒரே மஞ்சள். எத்தனை பக்கம் உருட்டினாலும் மஞ்சள்தான், வரி எண் 1தான். கர்சர் ஓர் எழுத்து நகர்ந்தாலும் முறிவுகளை வரியின் தலையிலிருந்து எண்ணிவர வேண்டியிருப்பதால் பல எடிட்டர்கள் மூச்சு வாங்கும். ஈமேக்ஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேறியதே 2023இல் வந்த 29ஆம் பதிப்பில்தான். அந்தக் கோப்பில் பிழை என்றால் வரும் செய்தி '1ஆம் வரி, 48213ஆம் எழுத்து' என்கிற ரீதியில் இருக்கும். வரி எண் அங்கே எதற்கும் உதவாது. திரை வரிப் பட்டை கண்ணுக்கு ஒரு பிடிமானம் தரும். மற்றபடி எழுத்து எண்ணைக் கொடுத்து நேராக அந்த இடத்துக்குத் தாவ வேண்டியதுதான்.